விலையைக் குறைப்பதா, விடியலுக்குள் எஞ்சினைக் கொடுப்பதா?

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தைச் சுருக்கி மட்டும் தருகிறேன்.

"அப்பா முப்பது வருடத்துக்கு மேல் நடத்திய கடற்றொழில் சாமான் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். வலை, கயிறு, மிதவை, போட் எஞ்சின் உதிரிப்பாகம் விற்கிறோம். பின்பக்கம் எஞ்சின் திருத்தும் வேலைத்தளம் இருக்கிறது. என்னோடு சேர்த்து ஒன்பது பேர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் பெரிய கடை ஒன்று வந்தது. அதன் பிறகு விலைக்கழிவு கொடுத்தேன், சித்திரைப் புதுவருடத்துக்குச் சீட்டிழுப்பு வைத்தேன், பேஸ்புக் பக்கம் தொடங்கினேன், கடன் தவணையை 15 நாளிலிருந்து 45 நாளாக்கினேன், பெயின்ட், தண்ணீர் மோட்டர் என்று புதுச் சாமான்களும் போட்டேன். விற்பனை கூடியிருக்கிறது, கையில் காசு இல்லை. குச்சவெளியிலிருந்துகூட எங்கள் பழைய மெக்கானிக் ஐயாவைத் தேடி எஞ்சின் கொண்டு வருகிறார்கள். போகிற வழியில் வலையை மட்டும் அந்தக் கடையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வங்கியில் கடன் கேட்டபோது மூலோபாயத் திட்டம் வேண்டும் என்றார்கள். மேலே சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். 'இதெல்லாம் தந்திரோபாயம், மூலோபாயம் எங்கே?' என்று அதிகாரி திருப்பித் தந்துவிட்டார். அதெல்லாம் பெரிய கம்பனிகளுக்குத்தான் என்கிறான் தம்பி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்பது பேர் வேலை செய்கிற கடைக்கு அது தேவையா? சரிவராமல் போனால் பிழை எதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கடையில் இப்போது 60 நாள் கடன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் கொடுக்க வேண்டுமா?"

அன்புத் தங்கைக்கு,

வங்கி அதிகாரி இன்னும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. உங்கள் பட்டியலை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். விலைக்கழிவு யாரைக் கூப்பிடுகிறது? நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வலை வாங்குபவரை. 45 நாள் கடன்? கையில் காசில்லாதவரை. பெயின்டும் தண்ணீர் மோட்டரும் டவுனில் வீடு கட்டுபவரைக் கூப்பிடுகின்றன. பேஸ்புக் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தால் பிழை சொல்ல முடியாது, உழைப்பும் தெரிகிறது. ஆனால் நாலும் நாலு விதமான ஆட்களைத் தேடிப் போகின்றன. இந்தக் கடை யாருக்கான கடை என்பது பட்டியலில் எங்குமே இல்லை.

அந்தத் தீர்மானத்தைத்தான் மூலோபாயம் என்கிறோம். யாருக்காகக் கடை வைத்திருக்கிறோம், பக்கத்துக் கடையில் கிடைக்காத எதை அவருக்குக் கொடுக்கிறோம், அதை நம்மால் மட்டும் ஏன் கொடுக்க முடிகிறது, அதற்காக எதை விட்டுவிடுகிறோம் என்ற நாலும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கிற முடிவு அது. அந்த முடிவை இந்த மாதம், இந்தக் கிழமை, இன்று காலை நடைமுறையில் கொண்டுவரச் செய்யும் வேலைகள் தந்திரோபாயம்.

நாலாவது பகுதியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1996இல் இதைப்பற்றி எழுதியபோது, எதைச் செய்யாமல் விடுவது என்று தேர்ந்தெடுப்பதே மூலோபாயத்தின் சாரம் என்றார். போட்டியாளர் செய்கிற அதே வேலையை அவரைவிடத் திறமையாகச் செய்வதை அவர் மூலோபாயமாகக் கணக்கெடுக்கவில்லை. அந்தத் திறமை வேண்டும்தான். ஆனால் அதை எவரும் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். உங்களுக்கு நடந்ததும் அதுதான். நீங்கள் விலையைக் குறைத்தீர்கள், அவர்களும் குறைத்தார்கள். நீங்கள் 45 நாள் என்றீர்கள், அவர்கள் 60 என்கிறார்கள். இந்த ஓட்டத்தில் இரண்டு கடைக்கும் லாபம் தேயும், முதல் அதிகம் உள்ளவர் கடைசிவரை தாக்குப்பிடிப்பார். அது நீங்கள் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வங்கிக்குக் கொடுக்கும் தாள்களில் "தரமான பொருள், நியாயமான விலை, சிறந்த சேவை" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தரமில்லாத பொருளை அநியாய விலைக்கு விற்பேன் என்று புத்தியுள்ள எந்த வியாபாரியும் முடிவெடுக்க மாட்டார். அதனால் அந்த வாக்கியத்தில் எந்தத் தேர்வும் இல்லை. "வலை விலையில் போட்டி போட மாட்டோம், எஞ்சினை மறுநாள் விடியலுக்குள் கொடுப்போம்" என்று எழுதினால் அதில் தேர்வு இருக்கிறது. இதற்கு நேர் எதிரான முடிவைப் பக்கத்துக் கடைக்காரர் எடுக்கலாம், அவருக்கு அது நல்ல முடிவாகவும் இருக்கலாம்.

நீண்டகாலம் என்றால் மூலோபாயம், குறுகியகாலம் என்றால் தந்திரோபாயம் என்று சிலர் சொல்வார்கள். முதலாளி செய்தால் முதலாவது, வேலையாள் செய்தால் இரண்டாவது என்பவர்களும் உண்டு. இரண்டையும் நம்ப வேண்டாம். பெயின்ட் அடுக்கைக் காலிசெய்ய ஒரு பின்னேரம் போதும், ஆனால் அது கடையின் திசையையே மாற்றுகிற முடிவு. சாமான் வைக்க ஐந்து வருடக் குத்தகைக்கு ஒரு ஸ்டோர் எடுப்பது வெறும் ஏற்பாடாக இருந்துவிடலாம்.

நீங்கள் வாழும் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். அதே வருடம் ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் படைகளைக் கரையிறக்கி, சில நாட்களிலேயே கோட்டைகளைத் தன் வசமாக்கிக்கொண்டார். ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் கப்பல்களோடு வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்துவிட்டது. செப்டம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படையும் வெளிக்கடலில் மோதின. அன்றைய சண்டை சுஃப்ரெனுக்கு நன்றாக நடக்கவில்லை. அவருடைய வரிசை குலைந்தது, பல கப்பல்கள் தள்ளியே நின்றன, அவர் நின்ற கப்பலின் பாய்மரம் முறிந்து விழுந்தது. யாருக்கும் தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் சண்டைக்குப் பிறகு போய் ஒதுங்க சுஃப்ரெனுக்குத் துறைமுகம் இருந்தது. ஹியூஸுக்கு இல்லை. சோழமண்டலக் கரையில், சென்னையிலும்கூட, வாடைக்காற்றுக் காலத்தில் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்க அன்று இடம் கிடையாது. அவர் மேற்குக் கரைக்கு, பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று.

திருகோணமலைத் துறைமுகத்தைக் கைப்பற்றுவது என்ற முடிவு மூலோபாயம். 3ஆம் திகதி எந்தக் கப்பலை எங்கே நிறுத்துவது, எப்போது சுடத் தொடங்குவது என்பதெல்லாம் தந்திரோபாயம். முதலாவது சரியாக அமைந்ததால் இரண்டாவதில் வந்த குழப்பத்தை அவரால் தாங்க முடிந்தது. குழப்பத்துக்கு விலையும் கொடுத்தார், வரிசை ஒழுங்காக நின்றிருந்தால் அன்று கிடைத்திருக்கக்கூடிய வெற்றி கைநழுவியது. ஊர் ஓரிரு வருடத்தில் சமாதான உடன்படிக்கையின்படி டச்சுக்காரரிடம் திரும்பிப் போனது, பிறகு 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்தது எல்லாம் வேறு கதை.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரியில்தான் எனக்கு விடை தெரிகிறது. குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரம் எஞ்சினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒருவர் உங்களிடம் வருகிறார் என்றால், வழியில் உள்ளவர்களை விட்டுவிட்டு வருகிறார். வலை வாங்க மட்டும் மற்றக் கடைக்குப் போகிறார். அவர் செய்வது நியாயம். வலை எங்கே வாங்கினாலும் அதே வலை, விலை குறைந்த இடத்தில்தான் வாங்குவார். எஞ்சின் விஷயம் அப்படியில்லை.

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள்தான் அவருடைய உழைப்புக் காலம். மேற்கில் கடல் கொந்தளிக்கும் அந்த நாட்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து வாடி போட்டுத் தொழில் செய்வது உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் எஞ்சின் ஒருநாள் கரையில் கிடந்தால் படகுக்காரருக்கும் அவரோடு கடலுக்குப் போகிறவர்களுக்கும் அன்றைய வருமானம் இல்லை. அந்த மனிதர், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் எங்கே நூறு ரூபா குறைவு என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார். "எப்ப தருவீங்கள்?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஊரிலேயே நல்ல பதில் உங்களிடம் இருக்கிறது. பெரிய கடை நினைத்தால் நாளைக்கே இன்னும் ஒரு லொறி வலையைக் கொழும்பிலிருந்து இறக்கலாம். எஞ்சினின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லக்கூடிய ஒருவரையும், அவர் மேல் கரையோர ஊர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும் அப்படி இறக்க முடியாது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் எடுக்கும் முடிவு இது: வெளியே பூட்டும் எஞ்சினோடு ஃபைபர் படகில் தொழில் செய்பவர்களுக்கு, பருவகாலத்தில் ஒருநாள் தொழிலும் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கடை. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, அந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றிப் போகும் படகுக்காரர்களையும் இதற்குள் சேர்ப்பேன். அவர்கள் மீன் பிடிப்பதில்லை, ஆனால் எஞ்சின் அதே எஞ்சின், பருவமும் அநேகமாக அதே பருவம், எஞ்சின் நின்றால் அன்றைய உழைப்புப் போவதும் அதேபோல்தான். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் வந்து நிற்கும் பலநாள் படகுகளைச் சேர்க்க மாட்டேன். அவற்றின் உள்ளே பூட்டிய டீசல் எஞ்சின் வேறு கருவி, வேறு வேலைத்திறன், வேறு அளவு முதல் கேட்கும்.

முடிவு இப்படி ஒன்றானால் தந்திரோபாயங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரையிலிருந்து தள்ளி இறக்கும் படகின் எஞ்சின் கடல்நீரோடு மணலையும் இழுக்கும், இம்பெல்லரின் ரப்பர் அதனால் தேயும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் பிளக் கரிபிடிக்கும். கியர் பெட்டிக்குள் தண்ணீர் விடும் சீல், புரொப்பெல்லர் பின் என்று அடிக்கடி போகும் சாமான்கள் எவை என்று மெக்கானிக் ஐயா ஒரு பின்னேரத்திலேயே எழுதித் தந்துவிடுவார். உங்கள் கரைகளில் அதிகம் ஓடும் நாலைந்து எஞ்சின் மொடல்களுக்கு அந்தச் சாமான்கள் பருவகாலத்தில் ஒருநாளும் முடிந்துபோகக் கூடாது. அரிதாகக் கேட்பவற்றை ஓடர் எடுத்து வரவழைக்கலாம். படகுகள் கரைக்கு வரும் விடியற்காலையில் வேலைத்தளம் திறந்திருக்க வேண்டும், ஒன்பது மணிக்குத் திறப்பதில் பயனில்லை. மோட்டார் சைக்கிளில் சாமான் பெட்டியோடு ஒரு பையன் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போய் வரலாம். ஒருநாளில் முடியாத வேலைக்கு இரவலாகக் கொடுக்க ஓர் எஞ்சின் வைத்திருப்பது செலவுதான், ஆனால் நீங்கள் கொடுக்கும் வாக்கைக் காப்பாற்றுவது அந்த எஞ்சின்தான்.

இதில் விலைக்கழிவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சித்திரையில் வலைக்கு நீங்கள் கொடுத்த கழிவு, எப்படியும் விற்கப்போகும் சாமானில் லாபத்தை விட்டுக்கொடுத்தது. அதே கழிவைக் கார்த்திகை, மார்கழியில், கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடக்கும்போது, எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டும் வேலைக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? சும்மா இருக்கும் வேலைத்தளத்துக்கு வேலை வரும். முற்பணம் வாங்கினால் வரண்ட மாதத்தில் காசு வரும். சித்திரையில் வாசலில் குவியும் எஞ்சின்கள் குறையும், அதனால் அவசரமாக வருபவருக்கு விடியலுக்குள் கொடுக்கும் வாக்கும் நிற்கும். இரண்டும் விலைக்கழிவுதான். ஒன்று காசைக் கரைத்தது, மற்றது ஒரே நேரத்தில் மூன்று காரியத்தைச் செய்கிறது. தந்திரோபாயம் நல்லதா கெட்டதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாமல் இருப்பது இதனால்தான். உங்கள் அதிகாரி மூலோபாயத்தை முதலில் கேட்டதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இனி விடவேண்டியவை. பெயின்டையும் தண்ணீர் மோட்டரையும் நாளைக்கே தூக்கி எறியச் சொல்லவில்லை. இருப்பதை விற்று முடியுங்கள், திரும்ப ஓடர் போடாதீர்கள். அதில் முடங்கிய காசு உதிரிப்பாகத்துக்குப் போகட்டும். வலையும் கயிறும் இருக்கட்டும், எஞ்சினுக்கு வருபவர் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் "அங்கே இவ்வளவுதான்" என்று ஒருவர் சொன்னால், "அங்கேயே வாங்குங்கள் அண்ணை, எஞ்சினை மட்டும் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்ல உங்கள் கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அனுமதி இருக்க வேண்டும். இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதப் பருவத்தை வைத்து வருடம் முழுவதும் ஒன்பது குடும்பம் சாப்பிட வேண்டிய இடத்தில், வாசலுக்கு வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பக் கை வராது. ஆனால் இரண்டு வருடமாக எதையும் திருப்பி அனுப்பாமல் விற்றதன் விளைவுதான் நீங்கள் எழுதிய நிலைமை. விற்பனை கூடியும் காசு இல்லை என்பது அந்த விற்பனை உங்களிடம் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்பதன் கணக்கு.

இந்த வழியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன். எல்லாம் ஒரு மனிதரின் கையில் இருக்கிறது. மெக்கானிக் ஐயாவுக்கு முடியாமல் போனால், அல்லது பக்கத்துக் கடை இரண்டு மடங்கு சம்பளம் தருகிறேன் என்றால், உங்கள் மூலோபாயம் அன்றோடு முடிந்தது. அதனால் அவருடைய சம்பளமும் மரியாதையும் அவருக்குப் பின் யார் என்ற கேள்வியும் வேலையாள் விவகாரம் என்று ஒதுக்கிவைக்கக்கூடியவை அல்ல, முதல் பக்கத்தில் வர வேண்டியவை. வேலைத்தள வருமானத்தில் அவருக்கு ஒரு பங்கு கொடுப்பதை யோசியுங்கள். அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டா மூலமாகவோ ஊரிலிருந்தோ இரண்டு இளம் பிள்ளைகளைப் பயிலுநராகச் சேர்த்து அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். வாடைக் காலத்து முழுத் திருத்த வேலைகள் அவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம், அவசரமில்லாமல் கழற்றிப் பார்த்துப் பழகலாம்.

தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. தொலைநோக்கு, பணிக்கூற்று என்று நாற்பது பக்கத்தில் அச்சடித்த கோவை உங்களுக்குத் தேவையில்லை. மறுபாதி தலைகீழ். பெரிய கம்பனி பிழையான இடத்தில் பத்து இலட்சத்தைப் போட்டாலும் அடுத்த வருடம் இருக்கும். உங்களிடம் உள்ள ஒரேயொரு முதல் பெயின்ட் டின்னாக அடுக்கில் நின்றால் சித்திரையில் இம்பெல்லர் வாங்கக் காசு இருக்காது. சிறிய கடைக்குத்தான் தேர்வு அதிகம் தேவை.

அப்பாவும் எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார். அதனால் அவரிடம் மூலோபாயம் இல்லை என்று ஆகிவிடாது. கனடாவைச் சேர்ந்த முகாமைத்துவ அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: முன்கூட்டியே திட்டமிட்டு வருகிற மூலோபாயமும் உண்டு, நாளாந்தம் செய்த காரியங்களில் ஓர் ஒழுங்கு படிந்து தானாக உருவாகி வருகிற மூலோபாயமும் உண்டு. அப்பாவிடம் உட்கார்ந்து கதையுங்கள். எந்த நேரத்தில் வந்த எஞ்சினையும் திருப்பி அனுப்பவில்லையா, யாருக்குக் கடன் கொடுத்தார், யாருக்கு மறுத்தார், எந்தச் சாமானை எப்போதும் கையிருப்பில் வைத்திருந்தார் என்று கேளுங்கள். மெக்கானிக் ஐயாவிடமும் கேளுங்கள். முடிவை நீங்கள் எடுக்க வேண்டும், ஆனால் அதற்கான அறிவு கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் மட்டும் இருப்பதில்லை. எந்தக் கரையில் எந்த எஞ்சின் கூடுகிறது, யாருடைய படகு விலைக்குப் போகிறது என்று அவருக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

பிழை எதில் என்று கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பலர் இதைக் கேட்காமலே ஒவ்வொரு மாதமும் புதிது புதிதாக எதையாவது தொடங்குகிறார்கள். நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில், நினைத்த வேலை உண்மையில் நடந்ததா? விடியலுக்குள் கொடுப்போம் என்று சொல்லிவிட்டு, பத்து எஞ்சினில் நாலு மறுநாள் மத்தியானம்தான் போனது என்றால், மூலோபாயத்தைக் குறை சொல்லும் கட்டத்துக்கே நீங்கள் வரவில்லை. சாமான் இல்லாமல் தாமதமா, ஆள் இல்லாமல் தாமதமா என்று பாருங்கள். அது செய்முறைப் பிழை, திருத்தலாம்.

வேலை நடந்தது, ஆனால் எதிர்பார்த்த விளைவு வரவில்லை என்றால் அந்தத் தந்திரோபாயம் பொருந்தவில்லை. பேஸ்புக் பக்கம் இந்த வகை என்று சந்தேகிக்கிறேன். கரையில் எஞ்சின் நின்றவர் பக்கம் தேடிப் பார்ப்பதில்லை, யாருக்காவது கோல் எடுப்பார். எஞ்சின் பழுதுக்கென்று ஒரு வாட்ஸ்அப் இலக்கத்தைப் படகுகளின் பக்கத்திலேயே ஸ்டிக்கராக ஒட்டிப் பாருங்கள். மூலோபாயம் மாறாமலே இதை மாற்றலாம்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றும். வேலை நடக்கும், எதிர்பார்த்த விளைவும் வரும், ஆனாலும் கடை முன்பிருந்த இடத்திலேயே நிற்கும், அல்லது பின்னுக்குப் போகும். சீட்டிழுப்பு வைத்தீர்கள், கூட்டம் வந்தது, சித்திரை விற்பனை ஏறியது. வைகாசி விற்பனையை எடுத்துப் பார்த்தீர்களா? பின்னால் வாங்க இருந்தவர்கள் முன்னால் வாங்கிவிட்டால் வைகாசியில் அது அப்படியே குறைந்திருக்கும். கடன் தவணையை நீட்டினீர்கள், விற்பனை கூடியது, வரவேண்டிய காசும் அதோடு கூடிக்கொண்டே போனது. தந்திரோபாயங்கள் ஒவ்வொன்றும் வெற்றி பெற்றும் கடை மெலிகிறது என்றால் தேடவேண்டிய இடம் மேலே இருக்கிறது. யாருக்கான கடை என்ற முடிவில்.

இவை எதிலும் சேராத ஒன்றும் உண்டு. முடிவும் சரி, வேலையும் சரி, ஆனால் நிலம் நகர்ந்துவிடும். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது ஒரேயடியாக 340 ரூபாவானது. டொலர் தட்டுப்பாட்டில் உதிரிப்பாகம் எடுப்பதும் பெரும்பாடாக இருந்தது. அந்த வருடத்து விற்பனை வீழ்ச்சியை வைத்து எந்த முதலாளியையும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மூலோபாயம் எந்த நம்பிக்கைகளில் நிற்கிறது என்று எழுதி வைத்தால், அவற்றில் ஒன்று அசையும்போது முதலில் உங்களுக்குத் தெரியும். எரிபொருள் படகுக்காரருக்குக் கட்டுப்படியாகிற விலையில் இருக்கும், இதே மொடல் எஞ்சின்கள் ஓடும், உதிரிப்பாகம் வரும், மெக்கானிக் ஐயா இருப்பார். இந்த நாலையும் ஒவ்வொரு வாடைக் காலத்திலும் எடுத்துப் பார்த்தால் போதும். எரிபொருள் ஏறினால்கூட உங்களுக்கு வேலை இருக்கலாம், நன்றாகப் பராமரித்த எஞ்சின் அதே தூரத்துக்குக் குறைவாகக் குடிக்கும். அப்போது கொடுக்கும் வாக்கை வேகத்திலிருந்து எரிபொருள் மிச்சத்துக்கு நகர்த்த வேண்டிவரும்.

வங்கிக்கு ஒரு பக்கம் போதும். யாருக்கான கடை, என்ன வாக்கு, அந்த வாக்கை உங்களால் ஏன் காப்பாற்ற முடியும், எதை நிறுத்துகிறீர்கள், பணம் எதற்கு, எப்போது திரும்பும். கடைசி இரண்டையும் சரியாக எழுதினால் கடனின் வடிவமே மாறும். நீங்கள் முன்பு எந்த வகைக் கடன் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. உங்களுக்குத் தேவைப்படுவது மாசி, பங்குனியில் உதிரிப்பாகம் வாங்கிவைக்க ஒரு தொழிற்படு மூலதனக் கடன், பருவம் முடியும் புரட்டாதிக்குள் கட்டி முடிக்கக்கூடியது. வருடக்கணக்கில் மாதாந்தத் தவணை கட்டும் கடனை எடுத்தால் மார்கழியிலும் தையிலும் மூச்சுத் திணறும். அதிகாரி இதைப் பார்த்தவுடன் வேறு முகத்தோடு பேசுவார் என்று நம்புகிறேன்.

60 நாள் கடன் கொடுக்க வேண்டாம். 45 நாளையும் அப்படியே வைத்திருக்க வேண்டாம். வலை, கயிறு போன்ற சாமானுக்குப் புதிதாகக் கடன் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்துங்கள், 60 நாள் வேண்டியவர் அங்கே போகட்டும். எஞ்சின் வேலைக்கு மட்டும், வாடைக் காலத்தில் உங்களிடம் முழுத் திருத்தம் செய்துகொண்டவருக்கு மட்டும், ஆளுக்கு ஓர் எல்லை வைத்துக் கடன் கொடுங்கள். கடல் போகாத கிழமைகளில் நெருக்கக் கூடாது, மீன் படும் நாட்களில் வாங்கிவிட வேண்டும். அந்த எல்லை எவ்வளவு என்பதை உங்கள் கடன் கொப்பியைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. கொப்பியில் உள்ளவர்களைப் பெயரில்லாமல் இரண்டாகப் பிரியுங்கள். எஞ்சினுக்கு வருபவர்கள் ஒரு பக்கம், வலைக்கு மட்டும் வருபவர்கள் மறுபக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மொத்த நிலுவை எவ்வளவு, அதில் 45 நாள் தாண்டியது எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். தை முடிவதற்குள் அனுப்பினால், வங்கிக்குப் போகும் முன் எல்லையையும் வாங்கவேண்டிய உதிரிப்பாகத்தின் அளவையும் சேர்த்தே கணக்குப் பார்த்துவிடலாம்.